லுவார் அரண்மனைகளும் ஒயினும்: மாணவர் குழுவை இரண்டு நாள் அழைத்துப்போக முழுமையான வழிகாட்டி

பாரிஸில் படித்தபோது எங்கள் மாணவர் சங்கத்துக்காக பிரான்ஸின் லுவார் ஆற்றுப் பள்ளத்தாக்குப் பயணத்தை முதல்முறை ஏற்பாடு செய்தேன். எல்லாவற்றையும் தலைகீழாகச் செய்தேன். முதலில் அரண்மனைகள், அப்புறம் பேருந்து, கடைசியில் ஒயின். ஞாயிறு மாலை நான்கு மணிக்கு 38 பேரை உள்ளே விட ஓர் ஒயின் நிலவறை கூடக் கிடைக்கவில்லை. ஒயின் பயணம் என்று சுவரொட்டி ஒட்டிவிட்டு, நெடுஞ்சாலைக் கடையில் ஆளுக்கொரு காபி வாங்கிக் கொடுத்துத் திரும்பினோம்.

அதற்குப் பிறகு நான்கு முறை போய்விட்டேன். பொறுப்பு கைமாறும் ஒவ்வொரு ஆண்டும் புதியவர்கள் அதே கல்லில்தான் இடறுகிறார்கள். அரண்மனை காலை முதல் மாலை வரை திறந்திருக்கும், அரை மணி தாமதமாகப் போனாலும் ஒன்றும் ஆகாது. ஒயின் தயாரிப்பவரும் பேருந்து ஓட்டுநரும் ரயிலும் அப்படிக் காத்திருக்க மாட்டார்கள். வளைந்து கொடுக்காதவற்றை முதலில் கட்டிவிட்டு, மற்றவற்றை அவற்றைச் சுற்றி அடுக்குங்கள். கீழே உள்ள வரிசை அப்படித்தான் அமைந்திருக்கிறது.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

மூன்று மாதம். அதற்குக் குறைவாக இருந்தால் 50 பேரைக் கூட்டிப்போக நினைக்காதீர்கள், 15 பேரோடு ரயிலில் போய் வாருங்கள்.

சங்கத்தின் பெயரில் காப்பீடு இருக்கிறதா, அது வெளியூர்ப் பயணத்தையும் சேர்க்கிறதா என்று பாருங்கள். பிரான்ஸில் மாணவர்கள் பெரும்பாலும் தனிநபர் பொறுப்புக் காப்பீடு வைத்திருப்பார்கள், அதன் சான்றிதழைப் பதிவின்போதே கேட்டு வாங்கிவிடலாம். நூற்றாண்டுகள் பழைய மரச்சாமான்கள் நிறைந்த அறையில் முதுகுப்பை ஒன்று எதையாவது தட்டிவிடும்வரை அதன் அருமை தெரியாது.

பதிவு உங்கள் சங்க உறுப்பினர்களுக்கு மட்டும், லாபமின்றி இருக்கட்டும். ஊரெல்லாம் டிக்கெட் விற்றால் அது பயண முகவர் வேலை, அதற்குத் தனிப் பதிவு வேண்டும்.

உங்களைத் தவிர இன்னும் இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பணத்துக்கு, ஒருவர் தலை எண்ணுவதற்கு. மூன்று வேலையையும் ஒரே ஆள் செய்யும் பயணத்தில் மூன்றாவது வேலைதான் கைவிடப்படும், யாராவது ஒருவர் எங்காவது விடுபட்டுப் போவார்.

2. தேதி

ஏப்ரல் பாதியிலிருந்து ஜூன் பாதி வரை நல்ல காலம். பகல் நீளம், தோட்டங்கள் உயிரோடு இருக்கும், கோடைக்கூட்டம் இன்னும் வந்திருக்காது.

மே மாதத்தில் ஒரு கண்ணி உண்டு. மே 1, மே 8, ஏசு விண்ணேற்ற வியாழன் ஆகிய விடுமுறைகளை ஒட்டிய நீண்ட வார இறுதிகளில் விடுதிகள் நிரம்பிவிடும், பேருந்துக் கட்டணமும் ஏறிவிடும். காலண்டரைப் பார்த்து அவற்றைத் தாண்டி வையுங்கள்.

செப்டம்பர் மாதம் அழகாகத் தெரியும். ஆனால் செப்டம்பர், அக்டோபரில் திராட்சை அறுவடை. சிறிய தயாரிப்பாளர்கள் விடியலிலிருந்து தோட்டத்தில் இருப்பார்கள், உங்களுக்கு ஊற்றிக்கொடுக்க ஆள் இருக்காது. செப்டம்பர் மூன்றாவது வார இறுதியில், பழைய கட்டடங்களைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடும் பாரம்பரிய நாட்கள் வேறு, எல்லா அரண்மனைகளிலும் கூட்டம் அலைமோதும்.

நவம்பர் முதல் பிப்ரவரி வரை மலிவு. சீக்கிரமே இருட்டிவிடும் என்பதால் நாளொன்றுக்கு ஓர் இடத்துக்கு மேல் வைக்காதீர்கள்.

3. தலைக்கணக்கைப் பொறுத்து வாகனம்

அரண்மனைப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வாகனம் தேடுவது பொதுவான தவறு. எந்த அரண்மனைக்குப் போக முடியும் என்பதை வாகனம்தான் தீர்மானிக்கிறது.

எட்டு ஒன்பது பேர் என்றால் ஒன்பது இருக்கை வேன். சாதாரணக் கார் உரிமத்தில் ஓட்டுநரையும் சேர்த்து ஒன்பது பேர் வரை ஏற்றலாம். ஆனால் மாணவர்களில் பலர் புதிதாக உரிமம் வாங்கியவர்கள். பிரான்ஸில் பொதுவான ரத்த ஆல்கஹால் வரம்பு லிட்டருக்கு 0.5 கிராம், புதிய உரிமக்காரர்களுக்கு 0.2. நடைமுறையில் அது ஒரு கிளாஸ் கூடக் கிடையாது என்பதற்குச் சமம். ‘கொஞ்சம் ருசிதானே’ என்பவரிடம் சாவியைக் கொடுக்காதீர்கள். வாடகை நிறுவனங்கள் இளம் ஓட்டுநர்களுக்குக் கூடுதல் கட்டணமும் போடும், கணக்கில் சேருங்கள்.

10 முதல் 20 பேர் என்றால் ரயில். பாரிஸ் மோன்பர்னாஸ் நிலையத்திலிருந்து டிஜிவி அதிவேக ரயிலில் சேன் பியேர் தே கோர் நிலையத்துக்கு ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரம். அங்கிருந்து தூர் நகரம் ஐந்து நிமிட ரயில். தூரைத் தங்குமிடமாக வைத்தால் அரண்மனை ஊர்களான அம்புவாஸும் ஷெனோன்சோவும் ஒவ்வொன்றும் அரை மணிக்குள் வந்துவிடும். 12 முதல் 27 வயது வரையானவர்களுக்கான 49 யூரோ சலுகை அட்டையைப் பலர் ஏற்கெனவே வைத்திருப்பார்கள், பதிவுப் படிவத்திலேயே கேளுங்கள்.

ரயில்காரர்கள் எல்லோரும் விழும் குழி ஒன்று இங்கே இருக்கிறது. வரைபடத்தில் அம்புவாஸும் ஷெனோன்சோவும் பக்கத்துப் பக்கத்தில், பதினைந்து கிலோமீட்டருக்குள் இருக்கும். ‘காலையில் இது, மதியம் அது’ என்று எழுதிவிடுவார்கள். இரண்டும் வேறு வேறு ரயில் பாதைகள். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ரயிலில் போக, திரும்ப சேன் பியேர் தே கோர் வந்து மாற வேண்டும். வார இறுதியில் ஷெனோன்சோ பாதையில் வண்டிகள் குறைவு, ஒன்றை விட்டால் நெடுநேரம் உட்கார வேண்டியதுதான். ஆகவே இரண்டையும் வெவ்வேறு நாளில் வையுங்கள். சைக்கிளில் கடக்கலாம் என்று ஒரு புத்திசாலி எப்போதும் சொல்வார். கடக்கலாம், நிலவறைக்கு முன்னால் மட்டும். மது வரம்பு சைக்கிளுக்கும் உண்டு.

30 பேருக்கு மேல் என்றால் பேருந்து. ஷம்போர் அரண்மனைக்குப் போக விரும்பினாலும் பேருந்துதான் நிம்மதி. அங்கே ரயில் நிலையம் கிடையாது. பக்கத்து நகரமான புளுவாவிலிருந்து போகும் பேருந்துகள் பருவத்தைப் பொறுத்தவை.

பேருந்து எடுத்தால் ஓட்டுநரின் நேரத்தை மனப்பாடம் செய்யுங்கள். நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிட ஓய்வு. அன்றைய வேலை தொடங்கியதிலிருந்து முடியும்வரை ஒற்றை ஓட்டுநருக்குப் பொதுவாக 12 மணி நேரம். அது நீங்கள் ஏறும் நேரத்திலிருந்து அல்ல, அவர் பணிமனையில் வண்டியை எடுக்கும் நேரத்திலிருந்து ஓடத் தொடங்குகிறது. ஏழரைக்கு உங்களை ஏற்றுபவர் ஏழு மணிக்கே வேலையில் இருப்பார். இரவு எட்டரைக்கு ‘இன்னொரு இடம் பார்த்துவிட்டுப் போகலாமா’ என்று கேட்டால் அவர் முடியாது என்பார், அதில் கோபப்பட ஒன்றுமில்லை. அவருடைய அறையும் சாப்பாடும் உங்கள் செலவா என்பதை விலைப்பட்டியலில் பார்த்துவிடுங்கள். பல சமயம் உங்கள் செலவுதான்.

4. நிலவறையை எல்லாவற்றுக்கும் முன் பதிவு செய்யுங்கள்

ஒயின் ருசிபார்ப்பு சனிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு. இதை நான் மாற்றுவதே இல்லை. ஞாயிற்றுக்கிழமை பல தயாரிப்பாளர்கள் அடைத்துவிடுவார்கள். பன்னிரண்டு முதல் இரண்டு வரை சாப்பாட்டு நேரம், யாரும் கதவு திறக்க மாட்டார்கள். காலை பத்தரைக்கு வைத்தால் வெறும் வயிற்றில் குடித்த இளைஞர்களோடு மிச்ச நாளைக் கழிக்க வேண்டும். மூன்று மணிக்கு எல்லோரும் சாப்பிட்டிருப்பார்கள், அதற்குப் பிறகு அன்று பெரிய வேலையும் இருக்காது.

எந்த ஒயின்? எங்கே தங்குகிறீர்களோ அதைப் பொறுத்தது. தூருக்குக் கிழக்கே பத்து கிலோமீட்டரில் வூவ்ரே. புதியவர்களுக்கு இதைவிட நல்ல பாடசாலை இல்லை என்பது என் கருத்து. ஒரே திராட்சை, ஷெனன் பிளான். அதே திராட்சையிலிருந்து இனிப்பில்லாதது, பாதி இனிப்பு, நல்ல இனிப்பு, நுரைப்பது என்று நான்கு கிளாஸ் வரிசையாக வரும். ஒயின் பற்றி எதுவும் தெரியாதவருக்கும் வித்தியாசம் நாக்கில் தெரிந்துவிடும். ஆற்றுக்கு எதிர்க்கரையில் மோன்லூயியும் அதே திராட்சைதான். ஷம்போர் பக்கம் போனால் ஷெவர்னி, குர் ஷெவர்னி. இரண்டாவதில் ரொமொராந்தேன் என்ற ஒரே வெள்ளைத் திராட்சை, வேறெங்கும் எளிதில் கிடைக்காது. சிவப்புதான் வேண்டும் என்றால் மேற்கே ஷினோன், கபெர்னே ஃபிரான் திராட்சை. அது தூரிலிருந்தே முக்கால் மணிக்கும் மேல், இரண்டு நாள் பயணத்தில் நான் சேர்ப்பதில்லை. ரயில் குழுவுக்கு அம்புவாஸ் ஊருக்குள்ளேயே நடந்து போகும் தூரத்தில் நிலவறைகள் உண்டு.

மின்னஞ்சலில் இவை எல்லாம் இருக்கட்டும்: எத்தனை பேர், அவர்களில் குடிக்காதவர்கள் எத்தனை பேர், எந்த மொழி, எத்தனை மணிக்கு வருவோம், எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும், பேருந்து எங்கே நிற்கும், கழிப்பறை எத்தனை. கடைசி இரண்டும் சிரிப்பாகத் தோன்றலாம். வூவ்ரேயில் சில நிலவறைகள் மலைச்சரிவை ஒட்டிய குறுகிய சந்துகளில் இருக்கின்றன, 50 இருக்கைப் பேருந்து உள்ளே திரும்பாது. ஒருமுறை மழையில் எழுநூறு மீட்டர் நடந்து போய்ச் சேர்ந்தோம். ஒற்றைக் கழிப்பறை உள்ள இடத்தில் 40 பேர் வரிசை நின்றால் அரை மணி அதிலேயே போய்விடும்.

இலவச ருசிபார்ப்பு என்று இணையத்தில் போட்டிருப்பதை நம்பிக் குழுவோடு போகாதீர்கள். அது வழியில் வந்து இரண்டு பாட்டில் வாங்கிப்போகும் தம்பதிகளுக்கானது. குழு என்றால் தலைக்கு இவ்வளவு என்று கட்டணம் பேசுங்கள். கட்டணம் கொடுத்த குழுவை உட்கார வைத்து விளக்குவார்கள். ஓசியில் வந்த குழுவை நின்றபடியே அனுப்பிவிடுவார்கள், அவர்கள் மேல் தப்பும் இல்லை.

ஒயின் குடிக்காதவர்களுக்குத் திராட்சைச் சாறு கிடைக்குமா என்று கேளுங்கள். பல இடங்களில் உண்டு, முன்னரே சொல்ல வேண்டும். அவர்களுக்குக் கட்டணத்தையும் குறைத்து வாங்குங்கள். குடிக்காதவர்கள் தலையில் வாந்தி துடைக்கும் வேலையையும் கார் ஓட்டும் வேலையையும் கட்டிவிடும் வழக்கம் எல்லா மாணவர் சங்கங்களிலும் இருக்கிறது. அவர்களும் பணம் கட்டி வந்தவர்கள்.

5. அரண்மனைகள்: நாளுக்கு ஒன்று, மிஞ்சினால் ஒன்றரை

முதல்முறை ஏற்பாடு செய்பவரின் பட்டியலில் எப்போதும் ஐந்து பெயர் இருக்கும். மூன்றாவது அரண்மனையில் யாரும் எதையும் பார்ப்பதில்லை, வாசலில் புல்தரையில் படுத்துவிடுகிறார்கள். நாளுக்கு ஒரு பெரியது, கூடவே வெளியிலிருந்து பார்த்து நடந்துவிட்டு வர இன்னோர் ஊர். அதுதான் ஒன்றரை.

பேருந்துக் குழுவுக்கு என் தேர்வு ஷம்போரும் ஷெனோன்சோவும். ஒன்று காட்டுக்கு நடுவில் பிரமாண்டமாக நிற்பது, மற்றொன்று ஷேர் ஆற்றின் மேல் பாலம்போல் நீண்டிருப்பது. ஒன்றுக்கொன்று சாயல் கிடையாது, ‘இதைத்தான் நேற்றே பார்த்தோமே’ என்ற முனகல் எழாது. ரயில் குழுவுக்கு அம்புவாஸும் ஷெனோன்சோவும். அம்புவாஸில் அரச அரண்மனையா, லியோனார்தோ தா வின்சி 1519-இல் இறந்த குளோ லூசே மாளிகையா என்று முன்னரே முடிவெடுங்கள், இரண்டுக்கும் தனித்தனி டிக்கெட். பொறியியல் மாணவர்கள் என்றால் கேள்வியே இல்லை, குளோ லூசே. அவருடைய இயந்திரங்களின் மாதிரிகள் அங்கேதான். அவருடையது என்று காட்டப்படும் கல்லறை மட்டும் அரச அரண்மனை வளாகத்துச் சிற்றாலயத்தில் இருக்கிறது.

வில்லாந்த்ரி அரண்மனை அதன் தோட்டத்துக்காகப் போக வேண்டிய இடம், மழை வந்தால் வீண். அஸே லெ ரிதோ சிறியது, அமைதியானது; 20 பேருக்குள் என்றால் மட்டும்.

6. டிக்கெட்டும் அடையாளச் சான்றும்

எந்த அரண்மனை யாருடையது என்பதைப் பொறுத்து மாணவர்களின் செலவு மாறும். ஷம்போரும் அஸே லெ ரிதோவும் அரசின் சொத்து. அங்கே 26 வயது நிரம்பாதவர்களில் ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்களுக்கும், மற்ற நாட்டவராக இருந்தாலும் பிரான்ஸில் முறைப்படி வசிப்பவர்களுக்கும் நுழைவு இலவசம். ஷெனோன்சோ, வில்லாந்த்ரி, ஷெவர்னி, குளோ லூசே ஆகியவை தனியார் கையில், அங்கே எல்லோரும் பணம் கட்ட வேண்டும். மாணவர் சலுகை கேளுங்கள்.

எங்கள் பிள்ளைகள் மாட்டிக்கொண்ட இடம் இதுதான். இந்தியாவிலிருந்தும் பிரேசிலிலிருந்தும் வந்த மாணவர்கள் கல்லூரி அட்டையை நீட்டினார்கள். அது மாணவர் என்பதைக் காட்டுமே தவிர இங்கே வசிப்பவர் என்பதைக் காட்டாது. வதிவிட அட்டையோ நீண்டகால விசா ஒட்டிய கடவுச்சீட்டோ வேண்டும். ‘கல்லூரி அட்டையும் வதிவிடச் சான்றும், இரண்டும்’ என்று கிளம்பும் முந்தைய நாள் மறுபடியும் செய்தி அனுப்புங்கள். எவ்வளவு அனுப்பினாலும் இரண்டு பேர் மறப்பார்கள், அவர்கள் கைக்காசிலிருந்து டிக்கெட் எடுக்கட்டும்.

குழுச் சலுகை பல இடங்களில் 15 அல்லது 20 பேரிலிருந்து தொடங்கும், முன்பதிவும் நுழையும் நேரமும் கேட்பார்கள். இலவசக்காரர்களையும் அந்த எண்ணிக்கையில் சேர்த்துச் சொல்லுங்கள், இல்லையென்றால் வாசலில் கணக்கு இடிக்கும்.

7. பணம்

செலவை இரண்டாகப் பிரியுங்கள். ஆள் குறைந்தாலும் குறையாதது பேருந்து. ஆளுக்கேற்ப மாறுவது டிக்கெட், படுக்கை, சாப்பாடு, ருசிபார்ப்பு. உதாரணத்துக்குப் பேருந்துக்கு 1800 யூரோ என்று வைப்போம். 45 பேர் என்றால் தலைக்கு 40. ஒன்பது பேர் விலகினால் 50. முழு வண்டியும் நிரம்பும் என்று நம்பி விலை வைத்த ஆண்டு சங்கத்தின் பெட்டி காலியானது. 80 சதவீதம் நிரம்பினால் கையைக் கடிக்காத விலையை வையுங்கள்.

பதிவு என்பது பணம் கட்டுவதுதான். வாட்ஸப்பில் கைதூக்கிய சின்னம் போடுவது பதிவு ஆகாது. 60 கைதூக்கல்கள் 34 கட்டணங்களாகச் சுருங்குவதை நேரில் பார்த்திருக்கிறேன். சங்கங்கள் பணம் வசூலிக்கும் ஹலோஅஸோ போன்ற தளத்தில் ஒரே தவணையாக வாங்கிவிடுங்கள். விலகுபவர் தனக்குப் பதில் ஆளைத் தந்தால் பணம் திரும்பும், இல்லையென்றால் இல்லை என்று முதல் நாளே எழுதுங்கள்.

சுவரொட்டியில் ‘வரம்பில்லா ஒயின்’ என்று போடத் தோன்றும். போடாதீர்கள். ஒரு தொகை வாங்கிக்கொண்டு அளவில்லாமல் மது தருவதைப் பிரான்ஸ் 2009-இலேயே தடை செய்துவிட்டது. அந்த வாசகத்துக்காக வருகிற கூட்டமும் உங்களுக்கு வேண்டிய கூட்டம் அல்ல.

பதிவுப் படிவத்தில் பிறந்த தேதி கட்டாயம். 18 நிரம்பாதவருக்கு மது விற்கவோ தரவோ கூடாது. முதலாண்டு மாணவர்களில் 17 வயதுக்காரர் ஒருவராவது இருப்பார்.

8. படுக்கையும் சாப்பாடும்

தூர் அல்லது புளுவாவில் இளைஞர் விடுதி, இல்லையென்றால் நிலையத்துக்கு அருகில் மலிவு ஓட்டல். கிராமத்து வீடு அழகு, ஆனால் கடை இருக்காது, இரவில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் மருந்தகம் தேடி இருட்டில் ஓட வேண்டும். தூரில் இன்னொரு வசதி, இரவு பிளூம்ரோ சதுக்கத்தில் மாணவர்கள் தாங்களாகவே பொழுதைப் போக்கிக்கொள்வார்கள். மறுநாள் காலை அவர்களை எழுப்புவது உங்கள் பாடு.

மதியம் உணவகம் வேண்டாம். 40 பேருக்கு உணவகம் என்றால் இரண்டரை மணி நேரம் காலி. ரொட்டி, தக்காளி, பழம், நடுவில் வைக்கோல் தண்டு செருகிய சேன்ட் மோர் ஆட்டுப்பால் சீஸ் என்று சனிக்கிழமைக்குப் பாரிஸிலிருந்தே வாங்கிப்போங்கள். ஞாயிறு காலை அம்புவாஸில் ஆற்றோரம் பெரிய சந்தை கூடும், அங்கே அவரவர் வாங்கிக்கொள்ளலாம். தூரின் பெயர்பெற்ற ரியெத் என்ற பண்டம் பன்றி இறைச்சியில் செய்வது. சைவக்காரர், பன்றி உண்ணாதவர் கணக்கைப் படிவத்திலேயே வாங்கிவிடுங்கள், நிலவறையில் தட்டு வைக்கும்போதும் அதையே சொல்லுங்கள்.

9. எங்களுக்கு ஒத்துவந்த நேர அட்டவணை

பேருந்துக்கு:

சனி 7:30 பாரிஸ். ஷம்போர் ஏறக்குறைய 180 கிலோமீட்டர், இடையில் ஒரு நிறுத்தத்தோடு பத்து மணிக்குப் போகலாம். 12:45 வரை உள்ளே. பூங்காவில் சாப்பாடு. 14:15 கிளம்பி ஷெவர்னிப் பக்கம், 15:00 நிலவறை. 17:00 புளுவா விடுதி. ஓட்டுநரின் நாளும் அடங்கிவிடும்.

ஞாயிறு 8:30 கிளம்பி ஷெனோன்சோ, கதவு திறந்த கையோடு. 12:00 அம்புவாஸ் சந்தை, சாப்பாடு, ஊர் சுற்றல். 15:30 பாரிஸ் நோக்கி. ஞாயிறு மாலை ஏ10 நெடுஞ்சாலை பாரிஸை நெருங்க நெருங்க அடைத்துக்கொள்ளும். ஐந்து மணிக்குக் கிளம்பியவர்கள் கடைசி மெட்ரோவைப் பற்றிக் கவலைப்பட்டதுண்டு.

ரயிலுக்கு: சனிக்கிழமை தூரில் பையை வைத்துவிட்டு அம்புவாஸ், மூன்று மணிக்கு அங்கேயே நிலவறை. ஞாயிறு ஷெனோன்சோ, தூர், பாரிஸ். அம்புவாஸ் நிலையம் ஆற்றின் வடகரையில், அரண்மனை தென்கரையில். தீவைக் கடந்து இரண்டு பாலம், 20 நிமிடம் நடை. ஷெனோன்சோ நிலையமோ அரண்மனை வாசலுக்கே பக்கத்தில். கிராமத்தின் பெயரில் கடைசியில் ஓர் எழுத்து கூடுதல், அரண்மனைப் பெயரில் கிடையாது. டிக்கெட் எடுக்கும்போது குழம்ப வேண்டாம்.

ரயில் வேலைநிறுத்தம் அறிவித்திருந்தால் முந்தைய நாள் மாலை ஐந்து மணிக்கு மறுநாள் ஓடும் வண்டிகளின் பட்டியல் வரும். அதைப் பார்க்கும் பொறுப்பை ஒருவருக்குக் கொடுங்கள்.

10. அரண்மனைக்குள்

பெரிய பைகளை உள்ளே விட மாட்டார்கள். அதனால்தான் பேருந்திலோ விடுதியிலோ பையை வைத்துவிட்டுப் போகும்படி மேலே எழுதியிருக்கிறேன். சக்கரப் பெட்டியோடு வாசலில் நின்று முறை வைத்துக் காவல் காத்த குழுவை எனக்குத் தெரியும். எங்கள் குழுதான்.

உள்ளே போனதும் பிரித்து விடுங்கள். 40 பேர் ஒரே அறைக்குள் நின்றால் யாருக்கும் எதுவும் தெரியாது. வெளியே சந்திக்கும் இடம், நேரம், இரண்டையும் உரக்கச் சொல்லுங்கள். ஷம்போரில் சந்திக்கும் இடம் அந்தப் புகழ்பெற்ற இரட்டைச் சுருள் படிக்கட்டாக மட்டும் இருக்கக் கூடாது. ஏறுபவரும் இறங்குபவரும் ஒருவரையொருவர் சாளரம் வழியே பார்க்கலாம், சந்திக்க முடியாது. அதற்காகவே கட்டியது அது. ‘நான் படியிலதான் இருக்கேன்’ என்று இரண்டு பேர் தொலைபேசியில் கத்திக்கொண்டு பத்து நிமிடம் சுற்றினார்கள்.

ஷம்போரில் முதலில் மொட்டைமாடிக்குப் போகச் சொல்லுங்கள். கூட்டம் கீழிருந்து தொடங்கும், நீங்கள் மேலிருந்து தொடங்கினால் புகைபோக்கிக் காட்டுக்கு நடுவே தனியாக நிற்கலாம். ஷெனோன்சோவில் அறைகள் சிறியவை, எல்லோரும் ஒரே திசையில் நகர்வார்கள், பத்தரைக்கு மேல் நெரிசல். ஆகவே முதலில் உள்ளே, தோட்டம் அப்புறம். அங்கே செடிகளாலான சுழற்பாதை ஒன்றும் இருக்கிறது. அதில் தொலைந்தவருக்காகப் பேருந்து 25 நிமிடம் நின்றது.

தலை எண்ணும்போது கண்ணால் எண்ணாதீர்கள். ஆளுக்கு ஓர் எண் கொடுத்து, ஒவ்வொரு முறையும் ஒன்றிலிருந்து உரக்கச் சொல்ல வையுங்கள். அமைதி விழும் இடத்தில் இருக்க வேண்டியவர்தான் இல்லை.

11. நிலவறையில்

உள்ளே வருடம் முழுவதும் 12 டிகிரி போல இருக்கும். ஜூன் வெயிலில் அரைக்கால் சட்டையோடு வந்தவர்கள் நடுங்குவார்கள், ஸ்வெட்டர் கட்டாயம். சுண்ணாம்புக்கல் வெட்டி எடுத்த பழைய குகைகள் இவற்றில் பல. அந்த வெள்ளைக் கல்லில்தான் இப்பகுதி அரண்மனைகள் எழுந்தன. காலையில் மேலே பார்த்த சுவரை மதியம் அடியில் நின்று தொடுகிறீர்கள் என்று சொன்னால் தூங்குபவர்கள்கூட நிமிர்வார்கள். பாறைக்குள் தொலைபேசி எடுக்காது, ஓட்டுநரிடம் நேரத்தை வெளியிலேயே பேசிவிடுங்கள்.

அன்று காலை வாசனைத் திரவியம் பூச வேண்டாம் என்று எல்லோரிடமும் சொல்லுங்கள். ஒருவர் பூசினால் சுற்றியிருக்கும் எட்டு பேருக்கு ஒயின் மணம் தெரியாது.

20 பேருக்கு மேல் என்றால் இரண்டாகப் பிரியுங்கள். ஒரு பாதி குகையையும் பீப்பாய்களையும் பார்க்கட்டும், மறுபாதி ருசிக்கட்டும், பிறகு மாற்றிக்கொள்ளலாம். 40 பேருக்கு ஒரே சமயத்தில் ஊற்றினால் கடைசிக் கிளாஸ் நிரம்பும்போது முதல் ஆள் குடித்து முடித்துவிட்டு அடுத்ததைக் கேட்பார்.

அளவு: ஐந்து ஒயின், ஒவ்வொன்றும் நான்கு சென்டிலிட்டர். மொத்தம் 20. 10 சென்டிலிட்டர் ஒயின் ஒரு கிளாஸ் கணக்கு என்றால் எல்லாவற்றையும் விழுங்குபவருக்கு அது இரண்டு கிளாஸ். பிரான்ஸின் சுகாதாரத் துறை ஒரு நாளைக்குச் சொல்லும் உச்சமும் அதுவே. அதற்கு மேல் ஊற்ற வேண்டாம் என்று தயாரிப்பாளரிடம் தனியாகச் சொல்லுங்கள். நல்ல மனசில் அவர் இன்னொன்றைத் திறப்பார்.

வரிசை மாறக் கூடாது. இனிப்பில்லாதது முதலில், இனிப்பு கடைசியில். சர்க்கரை நாக்கில் ஒட்டிய பிறகு இனிப்பில்லாத ஒயின் வெறும் புளிப்பாகத்தான் தெரியும். ‘எனக்கு இந்த முதல் ஒயின் பிடிக்கல’ என்பவர் பெரும்பாலும் வரிசை தாண்டிக் குடித்தவர்.

கிளாஸைத் தண்டில் பிடியுங்கள், கிண்ணத்தைப் பிடித்தால் கைச்சூடு ஏறும். வெளிச்சத்தில் நிறம் பாருங்கள். ஆட்டாமல் ஒருமுறை முகருங்கள், சுழற்றி இன்னொரு முறை. ஒரு சிறு வாய் எடுத்து, வாய் முழுக்க ஓடவிட்டு, மேஜையில் இருக்கும் வாளியில் துப்புங்கள். துப்புவதுதான் புதியவர்களுக்குக் கூச்சம். ‘மரியாதைக்குறைவு இல்லையா அண்ணா?’ என்று ஒவ்வொரு ஆண்டும் யாராவது கேட்கிறார்கள். அதற்காகத்தான் வாளியை வைத்திருக்கிறார்கள். முதல் ஆளாக நீங்கள் துப்புங்கள், மற்றவர்கள் தொடர்வார்கள். கிளாஸில் மிச்சம் இருப்பதையும் அதிலேயே கொட்டலாம்.

தண்ணீரும் ரொட்டியும் இடையிடையே. யாராவது தள்ளாடினால் உடனே வெளியே காற்றில் உட்கார வைத்து, கூட ஒருவரை நிறுத்துங்கள். எழுப்பியும் எழாவிட்டால் அவசர உதவி எண் 112.

12. பாட்டில்களும் கிளம்புவதும்

வாங்குவதற்கு 20 நிமிடம் ஒதுக்குங்கள். ஆளாளுக்கு அட்டை தேய்த்தால் ஒரு மணி நேரம் ஆகும். ஒரு தாளில் பெயரும் எண்ணிக்கையும் எழுதி, ஒருவர் மொத்தமாகக் கட்டிவிட்டுப் பிறகு பிரித்துக்கொள்வது வேகம். ஆறு பாட்டில் அட்டைப்பெட்டி ஏழெட்டு கிலோ கனக்கும், ரயிலில் வந்தவர்கள் ஆளுக்கு இரண்டோடு நிறுத்துவது நல்லது. மறுநாளும் அதைச் சுமந்துகொண்டுதான் ஷெனோன்சோ போக வேண்டும், அல்லது விடுதியில் வைக்கக் கேட்க வேண்டும்.

பேருந்தில் பெட்டிகள் அடியறையில், பெயர் எழுதி, ஒட்டி. மேலே இருக்கைக்குக் கொண்டு வந்தால் யாராவது திறப்பார்கள். பேருந்துக்குள் மது கிடையாது என்பதை ஏறும்போது ஓட்டுநரையே ஒலிபெருக்கியில் சொல்லச் சொல்லுங்கள், நீங்கள் சொல்வதைவிட அதற்கு மதிப்பு அதிகம். வாந்திப் பைகள் முன்னிருக்கையில் இருக்கட்டும். வண்டியைக் கழுவும் கட்டணம் முன்பணத்திலிருந்துதான் பிடிக்கப்படும்.

பாரிஸில் இறங்கியதும் கடைசியாக ஒருவர் இருக்கை இருக்கையாக நடந்து பாருங்கள். இரண்டு சார்ஜர், ஒரு மூக்குக்கண்ணாடி, யாருடையது என்று தெரியாத ஒற்றைச் செருப்பு ஒன்று நிச்சயம் கிடைக்கும்.